நாற்பது ஈர்க்குச்சி

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு அறுபத்திரண்டு. குரு சீடரை "சார்" என்றுதான் கூப்பிடுவார். இதற்கே முகம் சுளிப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

குரு, சிஸ்டர் அலோசியா. நெடுந்துறை கன்னியர் மடத்துக் கல்லூரியில் ரேடியோ பாடம் நடத்துகிறவர். சீடர், சவரிராயன். தொலைபேசி இலாகாவில் முப்பத்தாறு வருடம் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற ஆண்பிள்ளை வீட்டில் உட்கார்ந்தால் கடுகு டப்பாவைக்கூடத் திறந்து பார்த்து அபிப்பிராயம் சொல்வான். மூன்றே வாரத்தில் அவர் மனைவி அவரை மடத்து வாசலில் கொண்டுவந்து விட்டார். ஏதாவது படியுங்கள், சாயந்திரம் வந்தால் போதும் என்றார்.

ராயன் படித்தார். மூளை நல்ல மூளை. இரண்டே வருடத்தில் சிஸ்டருக்கு அடுத்தபடி அந்த நிலையத்தில் எல்லாம் தெரிந்தவர் அவர்தான் என்று ஆனது. அப்படிச் சொன்னவரும் அவர்தான்.

நிலையம் என்றால் மடத்து மொட்டைமாடியில் ஓர் ஆன்டெனா, கீழே ஓர் அறை, அதில் இரண்டு கணினி. அவ்வளவுதான். ஆனால் அதை நம்பி எண்பது வள்ளங்கள் கடலுக்குப் போயின. கடலில் மூன்று மிதவைகள் போட்டிருந்தார்கள். இரண்டு கரைப்பக்கம். மூன்றாவது, நடுப்பாருக்கு அந்தப்புறம். பார் என்றால் கடலுக்கடியில் இருக்கிற பாறைத் திட்டு. அலை அங்கேதான் முதலில் எழும்பும். ஒவ்வொரு விடியலிலும் மிதவைகள் அலை உயரத்தைச் சொல்லும். அதைப் பார்த்து ராயன் கடற்கரைக்குப் போன் செய்வார். அங்கே நட்டிருக்கும் கம்பத்தில் வெள்ளைத் துணி ஏறினால் போகலாம். சிவப்பு ஏறினால் போகக்கூடாது.

மிதவையிடம் இருப்பது சின்ன பாட்டரி. அதனால் கத்த முடியாது. தன் சேதியை நாற்பது தடத்தில், அதாவது நாற்பது ரேடியோ அலைவரிசையில், மெல்லிசாக இழுத்துப் பரப்பி அனுப்பும், தோசைக்கல்லில் மாவு இழுக்கிற மாதிரி. ஏதாவது ஒரு தடத்தில் மட்டும் காது வைத்தால் வெறும் இரைச்சல்தான் கேட்கும். நாற்பதையும் சேர்த்துச் சுருட்டினால்தான் சேதி கிடைக்கும்.

இதற்கு எதிரி, ஒரே தடத்தில் நின்றுகொண்டு கத்துகிற சத்தம். ஐஸ் கம்பெனி மோட்டார், யாரோ வாங்கிவந்த மட்டமான சார்ஜர், இப்படி. அது நிற்பது ஒரு தடத்தில்தான். ஆனால் சுருட்டும்போது மொத்தத்தையும் கெடுத்துவிடும். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, சுருட்டுவதற்கு முன்னாலேயே அந்தத் தடத்தைக் கண்டுபிடித்து வெட்டிவிட வேண்டும்.

கண்டுபிடிக்கும் விதியை எழுதியவர் ராயன். நாற்பது தடத்துச் சத்தத்தையும் கூட்டி நாற்பதால் வகு. அது சராசரி. அந்தச் சராசரியைப் போல ஐந்து மடங்குக்கு மேல் எது கத்துகிறதோ அதை வெட்டு.

சிஸ்டர் படித்துப் பார்த்தார். ஒன்றிரண்டு திருடனுக்கு இது போதும் என்றார்.

ராயன் அதில் "போதும்" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. காலையில் கணினி ஒரு வரி காட்டும். கெட்ட சத்தம் ஒன்று, வெட்டியாயிற்று. கெட்ட சத்தம் இரண்டு, வெட்டியாயிற்று. ராயன் அந்த வரியை மட்டும் பார்ப்பார். அதற்கு மேலே இருக்கும் படத்தைப் பார்ப்பதை நாளடைவில் விட்டுவிட்டார்.

நிலையத்தில் மிக்கேலம்மாள் என்று ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயது. விடிவதற்குள் மாடியேறி, ஆன்டெனாவில் படிந்த உப்பை ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைப்பார். பிறகு அறையைப் பெருக்குவார். பிறகு திரையில் மிதவைக்கு ஒன்றாக வரும் கோடு தடியா ஒல்லியா என்று ஒரு நோட்டில் இரண்டு வார்த்தை எழுதி வைப்பார். அவர் வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது இது ஒன்றுதான். குரல் மிகவும் சின்னது. அவர் பேசுவது அவருக்கே கேட்காது என்பார் ராயன்.

வெள்ளிக்கிழமைதோறும் நிலையத்துக் கூட்டம். அந்த வெள்ளிக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ராயன் நடுவில். சிஸ்டர் கடைசி நாற்காலியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ராயன் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு யாருக்காவது சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காகிதங்களை அடுக்கினார்.

வாசல் பக்கம் நின்றிருந்த மிக்கேலம்மாள், "சார், மூணாவது மிதவை மூணு நாளா ஒல்லியா வருது" என்றார்.

"என்னது?"

"ஒல்லியா வருது சார். கோடு."

ராயன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களும்தான் நாளுக்கு நாள் ஒல்லியாகுறீங்க மிக்கேலம்மா. உங்களையும் கொண்டுபோய் கடல்ல மிதக்க விட்டிருக்காங்களா?"

அறை முழுக்கச் சிரித்தது. மிக்கேலம்மாளும் சிரித்தார், வேறென்ன செய்வார். சிரித்துவிட்டு, காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழா கொடியேறியது. அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போகவில்லை. திங்கட்கிழமை விடியற்காலை முதல் பூசை நடந்துகொண்டிருக்கும்போது ராயன் கணினி முன்னால் உட்கார்ந்தார். கரைப்பக்கத்து இரண்டு மிதவைகளும் கடல் அமைதி என்றன. மூன்றாவது வாயே திறக்கவில்லை. கெட்ட சத்தம், பூஜ்யம். தடம் நாற்பதும் சுத்தம்.

மூன்றில் இரண்டு சரி என்கிறது, ஒன்றுக்குத் தூக்கம் என்று ராயன் முடிவு செய்தார். போன் செய்தார். வெள்ளைத் துணி ஏறியது.

ஏழு மணிக்கு நடுப்பாரில் இரண்டு வள்ளம் கவிழ்ந்தது. உயிர் போகவில்லை, மாதா காப்பாற்றினாள். இன்னாசி என்பவருக்குத் தோள் எலும்பு இரண்டாக முறிந்தது. அவர் இனி வலை இழுப்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். ஊர்க் கமிட்டித் தலைவர் சந்தியாகு அன்று மாலையே மடத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் கம்பத்தடியில் கூட்டம், யாரால் என்று சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் கம்பத்தைப் பிடுங்கிவிடுவோம், பழையபடி மேகத்தைப் பார்த்துப் போய்க்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு, வெளியே விட்ட செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

ராயன் இரவே யோசித்து முடித்தார். தடம் சுத்தம் என்று கணக்கு சொல்கிறது. ஆகவே குறுக்குச் சத்தம் இல்லை. மிதவையைப் போய்ப் பார்த்ததில் விளக்கு நன்றாகச் சிமிட்டுகிறது. ஆகவே மிதவையும் பழுதில்லை. மிச்சம் இருப்பது ஆன்டெனா. ஆன்டெனாவில் உப்பு இருந்திருக்க வேண்டும். உப்பைத் துடைக்கிற வேலை யாருடையது?

மிக்கேலம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"துடைச்சேன் சார்" என்றார் அவர்.

யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ராயன் ஒரு தாளை எழுதி, தான் கையெழுத்துப் போட்டு, சிஸ்டரின் மேசையில் வைத்தார். கவனக்குறைவின் காரணமாக மிக்கேலம்மாள் இன்று முதல் வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறார். சாயந்திரம் கூட்டத்தில் வாசிக்க வேண்டியது. சிஸ்டரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வேலை போவது கால் பங்கு. இன்னாசியின் தோளை உடைத்தவள் என்ற பெயரோடு அதே தெருக் குழாயில் நின்று தண்ணீர் பிடிக்க வேண்டுமே, அது முக்கால் பங்கு.

சிஸ்டர் தாளைப் படித்தார். பேனாவை எடுக்கவில்லை.

"இன்னும் என்ன சந்தேகம் சிஸ்டர்? தடம் சுத்தம்னு கணக்கே சொல்லுதே."

"மூலையில ஒரு விளக்குமாறு இருக்கு சார். அதை எடுத்துட்டு வாங்க."

ராயன் மிக்கேலம்மாளின் விளக்குமாற்றைக் கொண்டுவந்தார். அதைக் கையில் பிடித்த விதத்திலேயே அது அவருக்குப் பழக்கமில்லாத பொருள் என்று தெரிந்தது. சிஸ்டர் கட்டை அவிழ்த்து, ஈர்க்குச்சிகளைத் தரையில் கொட்டினார். திங்கட்கிழமை விடியலில் கணினி பதிவு செய்து வைத்திருந்த நாற்பது தடத்துச் சத்தத்தையும் ஒரு தாளில் எடுத்து அவரிடம் நீட்டினார்.

"ஒரு தடத்துக்கு ஒரு குச்சி. தாள்ல ஒண்ணுன்னா ஒரு விரற்கடை. உடைச்சு வரிசையா வைங்க."

"சிஸ்டர், கூட்டத்துக்கு நேரம்..."

"சாயந்திரம்தானே."

தரையில் உட்கார்வதற்கு அவருக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. உடைக்க ஆரம்பித்தார். ஒரு விரற்கடை. ஒரு விரற்கடை. ஒரு விரற்கடை. இருபது விரற்கடை. ஒரு விரற்கடை. கை சற்று நின்றது. மறுபடி உடைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து நாற்பது குச்சியும் தரையில் கிடந்தன. முப்பத்தொன்று நகத்துண்டு மாதிரி. ஒன்பது, முழங்கை நீளம்.

"இப்ப உங்க விதியைப் போடுங்க."

ராயன் மனக்கணக்கில் கெட்டிக்காரர். ஒன்பது இருபது நூற்றெண்பது. முப்பத்தொன்று சேர்த்தால் இருநூற்றுப் பதினொன்று. நாற்பதால் வகுத்தால் ஐந்தேகாலுக்கு மேலே. அதைப் போல ஐந்து மடங்கு, இருபத்தாறு.

"இருபத்தாறுக்கு மேல இருக்கிற குச்சியை எடுத்து வெளியே போடுங்க."

ராயன் பார்த்தார். ஒன்றுகூட இல்லை.

"தடம் சுத்தம்" என்றார் சிஸ்டர்.

முழங்கை நீளக் குச்சிகள் ஒன்பதும் அங்கேயே கிடந்தன. கண்ணில்லாதவன் தடவினால்கூடத் தெரியும். ராயன் ஒன்றை எடுத்துப் பார்த்தார். பழைய இடத்திலேயே வைத்தார். அவர் காது மடல் சிவந்தது.

திருவிழா மேடைக்கு வாடகைக்கு எடுத்தது ஒன்பது கம்பியில்லா மைக். முதல் பூசையிலிருந்து ஒன்பதும் திறந்திருந்தன. ஒன்று இரண்டு என்றால் சராசரிக்கு மேலே தலை தெரிந்திருக்கும், விதி வெட்டியிருக்கும். ஒன்பதும் சேர்ந்து நின்றதில் சராசரியே அவர்களோடு எழுந்துவிட்டது. ஒருவர் உயரம் இன்னொருவருக்குத் தெரியவில்லை. கரைப்பக்கத்து மிதவைகள் கிட்டே இருப்பதால் அந்த இரைச்சலிலும் கேட்டன, தூரத்து மூன்றாவது மூழ்கிவிட்டது.

"அப்ப எதை வச்சு அளக்குறது சிஸ்டர்? சராசரியை நம்பக்கூடாதுன்னா..."

சிஸ்டர் குனிந்து, எல்லாவற்றிலும் குட்டியான குச்சியைத் தேடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுல ஆரம்பிங்க."

ராயன் குட்டியிலிருந்து அடுக்கினார். முதல் பத்தை எடுத்துச் சராசரி போட்டார். பதினோராவது அதைப் போல ஐந்து மடங்கா? இல்லை. சேர்த்துக்கொண்டார். பன்னிரண்டாவது? இல்லை. இப்படியே முப்பத்தொன்று வரை வந்தார். முப்பத்திரண்டாவது குச்சியைக் கையில் எடுத்தவர் அதைச் சேர்க்கவில்லை. தனியாக வைத்தார். அதற்கப்புறம் இருந்த எட்டையும் அதன் பக்கத்தில் வைத்தார்.

எழுந்து கணினிக்குப் போனார். அந்த ஒன்பது தடத்தையும் வெட்டிவிட்டு, திங்கட்கிழமைப் பதிவை மறுபடி சுருட்டினார். மூன்றாவது மிதவை பேசியது. விடியல் ஐந்து பத்து. அலை உயரம், இரண்டே முக்கால் மீட்டர். ஐந்து இருபது. மூன்று மீட்டர். அவர் போனை எடுத்து வெள்ளை என்று சொன்னபோதும் அது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

 ராயன் பழைய தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புதிதாக ஒன்று எழுதினார். தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக எச்சரிக்கை தவறிவிட்டது, சரிசெய்யப்பட்டுள்ளது.

சிஸ்டர் படித்தார்.

"இதுல ஆள் யாருமே இல்லையே சார்."

"ஆள் மேல தப்பில்ல சிஸ்டர். கணக்கு தப்பு."

சிஸ்டர் மேசை இழுப்பறையைத் திறந்து மிக்கேலம்மாளின் நோட்டை எடுத்து வைத்தார். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. புதன், மூணு ஒல்லி. வியாழன், மூணு ஒல்லி. வெள்ளி, மூணு ரொம்ப ஒல்லி, சாரிடம் சொல்லணும். அந்த மூன்று நாளும் விடியலில் கோயிலில் மைக் ஒத்திகை. முதல் நாள் நாலு மைக், அப்புறம் ஐந்து, அப்புறம் ஆறு. ஆறையும் அவருடைய விதி வெட்டியிருக்கிறது. நாற்பதில் ஆறு போனால் மிச்சம் மெலியத்தானே செய்யும். எழுத்து குண்டு குண்டாக, சின்னப் பிள்ளை எழுதியது போல இருந்தது. சாரிடம் சொல்லணும் என்பதற்கு அடியில், சொல்லியாச்சு என்று எழுதியிருந்தது.

ராயனுக்குத் தான் சொன்னதும் நினைவு வந்தது. சொல்லும்போது இனித்த வார்த்தை, இப்போது யாரோ வாய்க்குள் திணித்தது போல இருந்தது.

"ஒரு தமாஷுக்குச் சொன்னேன்" என்றார்.

சிஸ்டர் தரையில் கிடந்த நீளக் குச்சிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"எல்லாரும்தான் சிரிச்சாங்க சிஸ்டர். அந்தம்மாவே சிரிச்சாங்க. யாராவது ஒருத்தர் முகம் சுளிச்சிருந்தா எனக்கு உறைச்சிருக்கும்."

நீளக் குச்சிகளைச் சேகரித்துக்கொண்டிருந்த சிஸ்டரின் கை நின்றது. பிறகு ஒன்பதையும் சேர்த்துக் கட்டினார். அந்தக் கட்டை அவர் இறுக்கிய இறுக்கில் ஒரு குச்சி முறிந்தது.

"சாயந்திரம் கூட்டத்துல முதல்ல யார் பேசறது சார்?"

எப்போதும் பேசுகிறவர் ராயன். அதைக் கேட்கவே தேவையில்லை. அவர் தரையைப் பார்த்தார். அடுக்கியதில் முதலாவதாக அந்தக் குட்டிக் குச்சி அங்கேயே கிடந்தது.

"அவங்கதான்" என்றார்.

மத்தியானம் வெயிலில் ராயன் மிக்கேலம்மாளின் வீட்டுக்கு நடந்தார். மிக்கேலம்மாள் வாசலில் உட்கார்ந்து மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தார். அவரை விசாரித்த சேதி ராத்திரியே பரவிவிட்டது, காலையிலிருந்து தெருவில் யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. சாரைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ராயன் குடித்தார். ஆன்டெனா சரியாகத்தான் இருந்தது, தவறு வேறு இடத்தில் என்று மட்டும் சொன்னார். வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த மிச்சப் பேச்சு வரவில்லை. அந்த மனிதருக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை.

"கூட்டத்துல முதல்ல நீங்க பேசணும்."

மிக்கேலம்மாள் அவரைப் பார்த்தார். கேலியா என்று யோசித்திருக்க வேண்டும்.

"என் பேச்சு யாருக்கு சார் கேக்கும்?"

செம்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுகூடத் தோன்றாமல் ராயன் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

சாயந்திரம் ஐந்து மணிக்குக் கம்பத்தடியில் ஊரே கூடியிருந்தது. முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நிலையத்து ஆட்கள். வெள்ளிக்கிழமை அறையில் இருந்த எல்லோரும் வந்திருந்தார்கள். ராயன் நடுவில். சிஸ்டர் அவர் பக்கத்தில். எதிரே, தோளில் கட்டோடு இன்னாசி. அவருக்குப் பின்னால் கமிட்டி ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் பெண்கள். சந்தியாகு, சொல்லுங்க சார் என்று ராயன் கையில் ஒரு மைக்கைக் கொடுத்தார். கோயில் மேடையிலிருந்து கொண்டுவந்த கம்பியில்லா மைக்.

ராயன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொத்தானைத் தேடி அணைத்து, மடியில் வைத்துக்கொண்டார். முதலில் மிக்கேலம்மாள் பேசுவார் என்றார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இவளுக்கு என்ன பேச்சு என்று ஒரு பெண் கேட்டது நன்றாகவே கேட்டது. மிக்கேலம்மாள் எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாயைத் திறந்தார். முதல் சொல் யாருக்கும் கேட்கவில்லை. முன்னால் இருந்தவர்கள் பின்னால் திரும்பிப் பேசாதே என்றார்கள். பின்னால் இருந்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் திரும்பினார்கள். கடைசியில், கொண்டல் காற்றில் கம்பத்துக் கயிறு அடிக்கிற ஓசை தவிர ஒன்றும் இல்லை.

"வெள்ளிக்கிழமையே சொன்னேன்" என்றார் மிக்கேலம்மாள். "மூணாவது மிதவை ஒல்லியா வருதுன்னு. ஆன்டெனாவை நான் தினமும் துடைச்சேன். திங்கட்கிழமையும் துடைச்சேன்."

"சொன்னதுக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் சந்தியாகு.

மிக்கேலம்மாள் கீழே மணலைப் பார்த்தார்.

"சிரிச்சாங்க."

இன்னாசி கட்டுப்போட்ட தோளோடு மெல்ல நிமிர்ந்தார். சந்தியாகு முன்வரிசை நாற்காலிகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"யாரு சிரிச்சா?"

மிக்கேலம்மாள் பெயர் சொல்லவில்லை. ராயனின் நாக்கில் பதில் தயாராக இருந்தது. எல்லாரும். பொய் இல்லை. நல்ல சொல் அது, விசாலமான சொல். அதற்குள் போய் நின்றுகொண்டால் யார் தலையும் வெளியே தெரியாது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

பக்கத்து நாற்காலி நகர்ந்தது. சிஸ்டர் அலோசியா எழுந்து நின்றார்.

"நான் சிரிச்சேன்" என்றார்.

ராயன் நிமிர்ந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை, கடைசி நாற்காலி, மடியில் விடைத்தாள். அவர் சிரித்தாரா என்று அன்றைக்கு ராயன் பார்க்கவில்லை. தன் பேச்சுக்கு அறை சிரிக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தார்.

 சந்தியாகு தன் மூன்று பெண்களையும் சிஸ்டரிடம் படிக்க வைத்தவர்.

"நீங்களா சிஸ்டர்?" என்றார். பிறகு, "நீங்க மட்டுமா?"

"அடுத்த குச்சி எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. என்னோடது இவ்வளவு."

எந்தக் குச்சி என்று சந்தியாகு கேட்கவில்லை. முன்வரிசையில் பத்து நாற்காலிகள் இருந்தன. அடுத்து நகர்ந்தது ராயனுடையது.